மூச்சு விடுகிற உயரத்தில்

காற்றை அளக்கும் கருவியின் வாய் தரையிலிருந்து 3 மீட்டருக்குக் குறையாமலும் 10 மீட்டருக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது தேசியக் காற்றுத் தரக் கண்காணிப்புத் திட்டத்தின் விதி. பக்கத்தில் மரம் கூடாது, சுவர் மறைக்கக் கூடாது, அடுப்போ புகைபோக்கியோ அருகில் இருக்கக் கூடாது. விதியில் தவறில்லை. ஓர் ஊரின் பொதுவான காற்று எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் கருவியை அப்படித்தான் வைக்க வேண்டும். ஆனால் அதே ஊரில் திண்ணையில் படுத்திருக்கும் பாட்டியின் மூக்கு தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருக்கிறது. தவழும் குழந்தையின் மூக்கு அதற்கும் கீழே.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியும் எண்ணூரிலும் காற்று மாதிரி எடுத்தே தலை நரைத்த ஒருவரின் தொழில் வாழ்க்கை இந்த இரண்டு உயரங்களுக்கும் நடுவில் கழிந்தது. வேதியியல் படித்துவிட்டு ஒரு தனியார் ஆய்வகத்தில் சேர்ந்தவர் அவர். பள்ளிக்கூட மொட்டைமாடிக்கு மெஷினைத் தூக்கிக்கொண்டு ஏறுவதும், மறுநாள் வடிதாளைக் கழற்றிக்கொண்டு இறங்குவதும்தான் முதல் வேலை. பிறகு கிராமத்து மக்களுக்கு மாதிரி எடுக்கக் கற்றுக்கொடுக்கப் போனார். பேச்சுக்குப் பேச்சு அவர் சொல்வது ஒன்றைத்தான்: ஆலைப் பக்கத்துக் காற்றை அளப்பது என்றால், அங்கே இருப்பவர்கள் எந்த இடத்தில், எந்த நேரத்தில் மூச்சு விடுகிறார்களோ அந்த இடத்தில், அந்த நேரத்தில் அளக்க வேண்டும். அந்த இடமும் நேரமும் யாருக்குத் தெரியும்? அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும்.

மெஷின்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருக்கு நேரம் போவது தெரியாது. நுண்துகளுக்கான சாம்ப்ளர் நிமிடத்துக்குச் சுமார் 16.7 லிட்டர் காற்றை இழுக்கும். 24 மணி நேரத்துக்கு அது 24 கன மீட்டர். இந்தியத் தர அளவின்படி 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட துகள், ஒரு நாள் சராசரியாகக் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. அப்படியானால் அனுமதித்த எல்லைவரை அழுக்கான காற்று ஒரு முழு நாள் ஓடினாலும், அந்தச் சின்ன வட்ட வடிதாளில் சேர்வது ஒன்றரை மில்லிகிராமுக்கும் குறைவு. விரல் பட்டால் விரலின் எண்ணெய்ப் பிசுக்கும் எடையில் ஏறிவிடும். ஈரம் உறிஞ்சினாலும் எடை மாறும். அதனால் மாதிரி எடுப்பதற்கு முன்னும் பின்னும் தாளை ஒரே வெப்பத்தில், ஒரே ஈரப்பதத்தில் 24 மணி நேரம் வைத்திருந்துதான் தராசில் ஏற்றுவார்கள். காற்று இழுக்காத வெற்றுத் தாள் ஒன்றும் கூடவே ஊருக்குப் போய்த் திரும்பி வரும். அதன் எடையும் கூடியிருந்தால் அந்தத் தொகுதி முழுவதும் சந்தேகத்துக்குரியது.

வாயுக்களை அளப்பது வேறு மாதிரி. கண்ணாடிக் குழாயில் ஊற்றிய கரைசலுக்குள் காற்றைக் குமிழி குமிழியாக விட வேண்டும். கந்தக டை ஆக்சைடுக்குப் பாதரச உப்புக் கரைசல், நைட்ரஜன் டை ஆக்சைடுக்குச் சோடியம் ஆர்சனைட் கரைசல். மாசைப் பிடிக்கிற கரைசல்களே நஞ்சுதான். ஐஸ் பெட்டியில் வைத்து, சிந்தாமல், வெயில் படாமல் ஆய்வகம் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் பாதி உயிர் போய்விடும் என்பார். கரண்ட் போனால் அன்றைய மாதிரி போச்சு. ஜெனரேட்டர் வைத்தால் டீசல் புகை மாதிரிக்குள் வந்துவிடும். ராத்திரியில் மெஷின் சத்தம் தாங்காமல் யாராவது சுவிட்சை அணைத்துவிடுவதும் உண்டு. ஆகவே மணிக்காட்டியில் பதிவான ஓட்ட நேரத்தைப் பார்க்காமல் அவர் எந்த எண்ணையும் நம்புவதில்லை.

இவ்வளவு கவனமாக எடுத்த எண்ணும் ஊர்க்காரர்கள் சொல்வதோடு பொருந்தாமல் போகிறதே, அது ஏன்?

தேசியத் திட்டத்தில் கையால் மாதிரி எடுக்கும் நிலையங்கள் வாரத்துக்கு இரண்டு நாள், ஆண்டுக்கு 104 நாள் அளக்கின்றன. மீதி 261 நாட்களில் அந்தக் கருவி ஓடுவதில்லை. ஓடுகிற நாளிலும் கணக்கு சராசரிக்குத்தான். அவர் பயிற்சி வகுப்புகளில் கரும்பலகையில் எழுதிக் காட்டும் ஓர் உதாரணம் உண்டு. இரவு இரண்டு மணிக்கு ஓர் ஆலை 20 நிமிடம் கந்தக டை ஆக்சைடை விடுகிறது. பக்கத்துத் தெருவில் அளவு 2000 மைக்ரோகிராம். மீதி 1420 நிமிடமும் வெறும் 20. ஒரு நாள் சராசரி போட்டால் சுமார் 47 வரும். இந்தியாவின் 24 மணி நேர எல்லை 80. அறிக்கையில் ‘வரம்புக்குள் உள்ளது’ என்று வரும். அதே 20 நிமிடத்தில் ஆஸ்துமா உள்ள பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தாய் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பாள். உலக சுகாதார நிறுவனம் இந்த வாயுவுக்கு 10 நிமிடத்துக்கான எல்லை ஒன்றையும் வைத்திருக்கிறது: 500 மைக்ரோகிராம். 2009-இல் வந்த இந்தியத் தர அளவுகளில் கந்தக டை ஆக்சைடுக்கு ஒரு நாள் சராசரியும் ஆண்டுச் சராசரியும் மட்டுமே உண்டு. எல்லையே இல்லாத இடத்தில் எல்லை மீறல் எப்படிப் பதிவாகும்?

கடலூரில் இதற்கு ஒரு பதில் 2004-இல் கிடைத்தது.

கடலூர் - சிதம்பரம் சாலையில், உப்பனாற்றை ஒட்டி அமைந்தது சிப்காட். 1980-களில் தொடங்கிய அந்தத் தொழிற்பேட்டையில் பூச்சிமருந்து, மருந்து, சாயம், பிளாஸ்டிக் மூலப்பொருள் என்று பெரும்பாலும் ரசாயன ஆலைகள். குடிகாடு, ஈச்சங்காடு, சொன்னஞ்சாவடி, சங்கொலிக்குப்பம் போன்ற ஊர்கள் அவற்றின் மதிலை ஒட்டியே இருக்கின்றன. ‘கேஸ் விட்டுட்டான்’ என்பது அங்கே அன்றாடப் பேச்சு. கண் எரியும், தொண்டை கமறும், சோறு இறங்காது. அதிகாரிகள் வருவதற்குள் காற்று திரும்பியிருக்கும். வந்தவர் மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் இல்லையே என்பார்.

சுற்று வட்டாரக் கிராமத்தினர் சிலர் சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் துணையோடு, சிப்காட் பகுதி சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்ற குழுவாக 2004-இல் சேர்ந்தார்கள். அவர்கள் கையில் எடுத்தது ஒரு வாளி.

அந்த வாளிக்கு ஒரு முன்கதை உண்டு. 1994-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், ரோடியோ என்ற ஊரின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து 16 நாட்கள் ரசாயனம் கசிந்தது. மக்கள் நோயுற்றார்கள், காற்றில் ஆபத்து இல்லை என்ற பதிலே கிடைத்தது. அவர்களுக்காக வாதாடிய எட்வர்ட் மாஸ்ரி என்ற வழக்கறிஞர், சாதாரண மக்களே காற்று மாதிரி எடுக்க ஒரு மலிவான கருவியைப் பொறியாளர்களைக் கொண்டு 1995-இல் செய்ய வைத்தார். டென்னி லார்சன் போன்றவர்கள் அதை எளிமைப்படுத்தி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். லூசியானா மாநிலத்தின் நார்கோவில், ஷெல் நிறுவனத்தின் ஆலைகளுக்கு இடையில் நாலு தெருவாக ஒடுங்கியிருந்த கறுப்பின மக்களின் குடியிருப்பான டயமண்டுக்கும் அது போயிற்று. பள்ளி ஆசிரியையாக இருந்த மார்ஜி ரிச்சர்ட் முன்னின்று நடத்திய போராட்டத்தின் முடிவில், 2002-இல் அந்த வீடுகளை வாங்கிக்கொண்டு மக்களை இடம் மாற்ற நிறுவனம் ஒப்புக்கொண்டது.

மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி. உள்ளே டெட்லார் என்னும் வினையாற்றாத பிளாஸ்டிக்கில் செய்த பை. பையின் வாய் மட்டும் மூடியைத் துளைத்து வெளியே நிற்கும். ஒரு சிறு பம்பு வாளிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும். உள்ளே அழுத்தம் குறைந்ததும் பை தானாக விரிந்து வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். நம் மார்புக்கூடு விரிய நுரையீரல் நிரம்புவதும் இப்படித்தான். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மாதிரிக் காற்று பம்பின் வழியே போவதில்லை. பம்பின் எண்ணெயோ ரப்பரோ அதில் கலக்க வழியில்லை.

சொல்லும்போது எளிது. செய்யும்போது எத்தனை கட்டுப்பாடு! பையின் மேல் மார்க்கர் பேனாவால் எழுதக் கூடாது, மையின் கரைப்பான் உள்ளே ஊறும். சீட்டில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிக் கட்ட வேண்டும். பெட்ரோல் பங்கில் வண்டிக்கு எண்ணெய் போட்ட கையோடு வரக் கூடாது. பீடி கூடாது, சென்ட் கூடாது, பக்கத்தில் கொசுவர்த்தி எரியக் கூடாது. பையை முழுக்க நிரப்பினால் விமானத்தின் சரக்கறையில் அழுத்தம் குறையும்போது வெடித்துவிடும். வெயில் பட்டால் உள்ளே வேதிவினை நடக்கும். எடுத்த மாதிரி மூன்று நாளுக்குள் பகுப்பாய்வுக்குப் போயாக வேண்டும். எடுத்தவர், வாங்கியவர், அனுப்பியவர் என்று ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் நேரமும் கையெழுத்தும் வேண்டும். ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் கேட்கும். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பெண்கள் இந்த ஒழுங்கை எவ்வளவு கறாராகக் கடைப்பிடித்தார்கள் என்பதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை தெரியும். பட்டதாரிகள் இருக்கும் ஆய்வகங்களில் இந்தக் கறாரை அவர் எப்போதும் கண்டதில்லை.

வாளியைவிட முக்கியம் நோட்டு. எந்த நேரத்தில் வாளியைத் திறப்பது என்று நோட்டுதான் சொல்லும். தேதி, மணி, இடம், காற்று வந்த திசை, என்ன நாற்றம், எவ்வளவு நேரம், உடம்புக்கு என்ன செய்தது என்று எழுதிவைப்பார்கள். அழுகிய முட்டை, நகப்பூச்சு, பிணவாடை, பூச்சிமருந்து எனத் தங்களுக்குத் தெரிந்த பெயரிலேயே பதிவார்கள். “தம்பி, பகல்ல வந்து என்னத்தப் பாப்ப? ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து எங்கூட்டு வாசல்ல நில்லு” என்று ஓர் அக்கா சொன்னது சரியான அறிவியல் யோசனை என்கிறார். இரவில் நிலம் குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கிடக்கும். மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் நிற்கும். ஆலை விட்டது மேலே ஏறாமல் தெருவிலேயே தங்கும். மார்கழி விடியலில் இது உச்சம். மாலையில் கடற்காற்று ஏறும்போது மேற்கே ஒரு தெரு மூச்சுத் திணறும். பின்னிரவில் காற்று கடலை நோக்கித் திரும்பினால் கிழக்கே வேறொரு தெரு. நோட்டுகளை அடுக்கி வைத்துப் பார்த்தால் எந்தத் தெருவுக்கு எந்த நேரம் என்ற வரைபடமே கிடைத்துவிடும்.

மாதிரிகள் அமெரிக்க ஆய்வகத்துக்குப் போயின. 2004-இல் ‘கேஸ் ட்ரபிள்’ என்ற பெயரில் முடிவுகள் அறிக்கையாக வந்தன. 22 நச்சு வேதிப்பொருட்கள்; அவற்றில் 8 புற்றுநோயோடு தொடர்புடையவை. இவற்றில் பல, விறகு அடுப்பிலிருந்தோ வைக்கோலிலிருந்தோ வரக்கூடிய பொருட்கள் அல்ல. எந்த ஆலை எந்த மூலப்பொருளைப் பயன்படுத்துகிறது என்ற பட்டியலோடு ஒப்பிட்டால் கைரேகை பொருந்துவது தெரியும். இத்தகைய ஆவியாகும் கரிமப் பொருட்களுக்கு அப்போது இந்தியாவில் வெளிக்காற்றுத் தர அளவே கிடையாது; அமெரிக்க அளவுகளோடுதான் ஒப்பிட முடிந்தது. 2009-இல்தான் பென்சீனுக்கு ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராம் என்று எல்லை வந்தது.

சில நிமிடம் எடுத்த மாதிரியை நீண்டகால எல்லையோடு எப்படி ஒப்பிடலாம் என்ற எதிர்வாதம் அன்று எழுந்தது. அவர் அதை ஒதுக்குவதில்லை. வாளி சொல்வது, இந்த நேரத்தில் இந்தக் காற்றில் இன்னது இருந்தது என்று மட்டும்தான். ஆண்டு முழுவதும் எவ்வளவு என்பதை அது சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது தொடர்ந்து அளக்கும் பொறுப்பும் பணமும் உள்ளவர்கள். ‘நீங்கள் எடுத்தது போதாது’ என்று மக்களிடம் சொல்பவர், ‘இதோ நாங்கள் எடுத்தது’ என்று காட்ட வேண்டும் அல்லவா?

அதன் பிறகு நடந்தவை ஆவணங்களில் இருக்கின்றன. நாட்டின் தொழிற்பகுதிகளை மாசுக் குறியீட்டால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் தரம் பிரித்தபோது, 70-க்கு மேல் பெற்றவை கடுமையாக மாசுபட்டவை என்று வகுக்கப்பட்டன. கடலூர் பெற்றது 77.45. 2010 ஜனவரியில் அப்படிப்பட்ட பகுதிகளில் புதிய திட்டங்களுக்குத் தற்காலிகத் தடை வந்தது. 2007-இல் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் (நீரி) செய்த ஆய்வை வைத்து, சிப்காட் பகுதி மக்களுக்குப் புற்றுநோய் அபாயம் 2000 மடங்கு என்ற செய்தியும் நாளிதழ்களில் வந்தது. இந்த எண்ணை மேடையில் யாராவது முழங்கினால் அவர் எழுந்து விளக்குவார். அது காற்றில் இருந்த அளவை வைத்து வாழ்நாளுக்குக் கணக்கிட்ட அபாயம். வீடு வீடாக நோயாளிகளை எண்ணி வந்த தொகை அல்ல. இரண்டையும் குழப்பினால் அடுத்த கூட்டத்தில் நம் மற்ற எண்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

எண்ணூர் வேறு பாடம் கற்பித்தது. அனல்மின் நிலையங்கள், சாம்பல் குளங்கள், உர ஆலை, பெட்ரோலியக் கிடங்குகள் என்று ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய இடம் அது. அங்கே மலிவு விலை லேசர் சென்சார்களோடு இளைஞர்கள் வந்தார்கள். உற்சாகத்தைப் பாராட்டிவிட்டு இரண்டு எச்சரிக்கை சொன்னார். கடலோர விடியற்காலையில் ஈரப்பதம் மிகும்போது துகள்கள் நீரை உறிஞ்சிப் பருக்கும். சென்சார் அதை மாசு என்றே கூட்டிக் காட்டும். தரமான கருவியின் பக்கத்தில் சில வாரம் வைத்து ஒப்பிட்டுத் திருத்தாமல் அந்த எண்ணை வெளியே சொல்லக் கூடாது. இரண்டாவது, பருமனான துகளைப் பிடிப்பதில் இந்தச் சென்சார்கள் மோசம். எண்ணூரில் வீட்டுக்குள் படியும் சாம்பலில் பெரும்பகுதி அந்த ரகம். அதற்கு வடிதாளும் நுண்ணோக்கியும்தான். நிலக்கரிச் சாம்பல் நுண்ணோக்கியில் வழவழப்பான சிறு உருண்டைகளாகத் தெரியும். ரோட்டுப் புழுதி கோணல்மாணலாக இருக்கும். வந்த இடத்தைத் தூசியே சொல்லிவிடும்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் உர ஆலைக்குக் கடலுக்கடியில் அம்மோனியா கொண்டுவரும் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஆலை வாசலருகே காற்றில் அம்மோனியா 2090 மைக்ரோகிராம் என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது. ஒப்பிட்ட எல்லை 400. அந்த 400 என்பது 24 மணி நேரச் சராசரிக்கான எல்லை. 2090 என்பது கசிவுக்குப் பிறகு ஆட்கள் வந்து எடுத்த அளவு. குப்பத்தில் முதல் அலை வந்தபோது, மூச்சடைத்து மக்கள் விழித்தபோது, எவ்வளவு இருந்தது? அந்த எண் யாரிடமும் இல்லை. அங்கே அந்த நேரத்தில் ஒரு கருவி இருந்திருந்தால் மருத்துவர்களுக்கும் தெரிந்திருக்கும், நீதிமன்றத்துக்கும் தெரிந்திருக்கும்.

‘உங்கள் வீட்டு விறகு அடுப்புதான் காரணம்’ என்பது ஆலைத் தரப்பில் அடிக்கடி வரும் வாதம். அவர் அதையும் அளந்தே பேசுவார். இடுப்பில் சிறு பம்பு, சட்டைக் கழுத்தருகே வடிதாள். எங்கே எத்தனை மணி நேரம் இருந்தோம் என்ற குறிப்பும் கூடவே வேண்டும். ஒரு பேச்சுக்கு, சமையலறையில் 3 மணி நேரம் 300 மைக்ரோகிராம், வீட்டில் 15 மணி நேரம் 50, வெளியில் 6 மணி நேரம் 90 என்றால், நாள் சராசரி 91. இதில் ஐந்தில் இரண்டு பங்கு அந்த மூன்று மணி நேர அடுப்பிலிருந்து வருகிறது. இதை மறைக்கக் கூடாது. அடுப்பை மாற்ற உதவ வேண்டும். ஆனால் அடுப்பை அணைத்த பின்னும் வெளிக்காற்றின் 90 குறையப்போவதில்லை.

ஆலையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த சான்று அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்கு. அங்கே ஓர் எஃகு ஆலை தொழிலாளர் தகராறால் 1986 ஆகஸ்டு முதல் 13 மாதம் மூடிக் கிடந்தது. ஆர்டன் போப் என்ற பொருளியல் பேராசிரியர் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளைப் புரட்டினார். மூடியிருந்த குளிர்காலத்தில் மூச்சுக் கோளாறுக்காகச் சேர்க்கப்பட்ட குழந்தைகள் மிகவும் குறைவு. ஆலை மீண்டும் ஓடியதும் எண்ணிக்கை ஏறியது. காற்றின் அளவும் ஆஸ்பத்திரிப் பதிவேடும் பக்கம் பக்கமாக இருந்ததால்தான் அது 1989-இல் ஆய்வுக் கட்டுரையாக முடிந்தது. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளை யாராவது இப்படிப் புரட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

தொழிலில் அவரை மிகவும் வருத்தியது, முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டு அளக்கப் போவது. ஓர் ஆலையில் மெஷின் வைக்கப் போனபோது, காற்று எதிர்ப்பக்கமிருந்து வரும் மூலையைக் காட்டி ‘இங்கதான் கரண்ட் இருக்கு சார்’ என்றார்கள். கேபிள் இழுத்துக் கொடுங்கள் என்று அவர் நின்றார். அடுத்த ஆண்டு அந்த வேலை வேறு ஆய்வகத்துக்குப் போயிற்று. அளக்கப்படுகிறவரே அளப்பவருக்குக் கூலி கொடுக்கும் ஏற்பாடு இருக்கும்வரை இது மாறாது. பணத்தை ஆலைகளிடமிருந்து ஒரு பொது நிதியாக வசூலித்து, ஆய்வகத்தை அரசே தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும் என்பதே அவர் கருத்து. இந்தக் கட்டுரைக்கும் அதில் உடன்பாடு.

“இதனாலதான் எம் புள்ளைக்கு வந்துச்சா சார்?” இந்தக் கேள்வி எல்லா ஊரிலும் வரும். ஊர் முழுவதற்கும் அபாயம் கூடியிருக்கிறது என்று எண் சொல்லலாம். இந்தக் குழந்தைக்கு இந்த நோய் இதனால்தான் என்று அது சொல்லாது. உண்மையை அப்படியே சொல்லிவிட்டு, மருத்துவரிடம் கொடுக்க அந்தத் தெருவின் அளவுகளை எழுதிக் கொடுப்பார். மாதிரி எடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் முடிவைத் தமிழில் எழுதித் திருப்பித் தர வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுப்பதே இல்லை. காற்று அவர்களுடையது, எண்ணும் அவர்களுடையது.

நாற்றம் இல்லாவிட்டால் ஆபத்து இல்லை என்றும் நினைத்துவிடக் கூடாது. பென்சீன் மூக்குக்குத் தெரியும் அளவு, சட்ட எல்லையைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு. ஹைட்ரஜன் சல்பைடு மிக அதிகமானால் மூக்கே மரத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பி உள்ளே போனவர்கள் செத்திருக்கிறார்கள்.

தொழிற்பேட்டை அருகே குடியிருக்கும் வாசகர்கள் இன்றிரவே ஒரு நோட்டைத் தொடங்கலாம். தேதி, மணி, தெரு, காற்று வரும் திசை, நாற்றம், எவ்வளவு நேரம், யாருக்கு என்ன செய்தது என்று எழுதுங்கள். ஒன்றும் இல்லாத நாளையும் ‘இல்லை’ என்று எழுதுங்கள். மாதம் ஒருமுறை நகலெடுத்து மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். உங்கள் ஊருக்கு அருகில் எடுத்த காற்று அளவுகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: எந்த இடத்தில், எந்த உயரத்தில், எந்த மணிக்கு எடுத்தது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.